முன்சீட்டில் இரண்டு பேர்: ‘தி நியூ செஞ்சூரியன்ஸ்’ (1972) பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை நான் பலருக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். கதையின் முடிவு வரை எல்லாம் இதில் வரும். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்த பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

1972 ஆகஸ்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் படம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரவு ரோந்து போகும் காவலர்களின் கதை. இயக்கம் ரிச்சர்ட் ஃபிளைஷர். மூத்த காவலர் கில்வின்ஸ்கியாக ஜார்ஜ் சி. ஸ்காட், புதிதாக வேலைக்குச் சேரும் ராய் ஃபெலராக ஸ்டேசி கீச். அந்த நகரக் காவல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோசஃப் வாம்பா எழுதி 1971-இல் வெளிவந்த நாவல்தான் மூலம். திரைக்கதை ஸ்டர்லிங் சிலிஃபன்ட், இசை குயின்சி ஜோன்ஸ், ஒளிப்பதிவு ரால்ஃப் வுல்ஸி. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிரிட்டனில் இதே படத்துக்கு ‘பிரீசிங்க்ட் 45: லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்’ என்று வேறு பெயர். பழைய போஸ்டர்களில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இது இன்னொரு படம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு பிழையும் உண்டு. ‘பிரீசிங்க்ட்’ என்பது ஒரு காவல் நிலையத்தின் எல்லைப் பகுதிக்கு நியூயார்க் போலீசார் சொல்லும் சொல். லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டிவிஷன்’ என்றுதான் சொல்வார்கள்.

கதை என்ன?

ராய்க்கு மனைவியும் ஒரு சின்ன மகளும் இருக்கிறார்கள். சட்டம் படித்துக்கொண்டிருக்கிறான். படிப்பு முடியும்வரை குடும்பம் நடக்க வேண்டுமே என்று போலீஸ் வேலையில் சேர்கிறான். கொஞ்ச நாள் வேலை என்பதுதான் அவன் கணக்கு. இருபது வருடத்துக்கும் மேல் தெருவிலேயே காலத்தைக் கழித்த கில்வின்ஸ்கியோடு அவனை ஒரே காரில் போடுகிறார்கள். இரவுக்குப் பின் இரவாக அந்தக் காரில் போகப் போக, ராய்க்கு வேலை பிடித்துப்போகிறது. படிப்பு கைவிட்டுப் போகிறது. மனைவி டாரதி பொறுத்துப் பார்க்கிறாள். பணியில் இருக்கும்போது அவனுக்கு வயிற்றில் குண்டடி படுகிறது. பிழைத்து எழுந்தும் அவன் அதே வேலைக்குத்தான் திரும்புகிறான். டாரதி மகளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

கில்வின்ஸ்கி ஓய்வு பெற்று ஃபுளோரிடாவில் இருக்கும் மகளிடம் போகிறார். அங்கே இருப்புக்கொள்ளாமல் திரும்பி வந்து, ஓர் இரவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறார். ராய் குடியில் விழுகிறான், வேலையில் இருக்கும்போதே குடிக்கிறான், தண்டனையும் பெறுகிறான். லாரி என்ற செவிலி அவனை மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறாள். அவன் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும் நேரத்தில், ஒரு குடும்பச் சண்டையைத் தீர்க்கப் போன இடத்தில் சுடப்பட்டு, கூட வேலை பார்த்தவர்கள் அருகில் இருக்கச் சாகிறான்.

‘கிரைம் படம்’ என்கிறீர்கள். கண்டுபிடிக்க வேண்டிய குற்றம் எது? வில்லன் யார்?

அப்படி எதுவும் இல்லை. நிறையப் பேருக்கு ஏமாற்றம் தரும் இடமும் இதுதான். ஒரு பெரிய கொள்ளை, அதைத் துப்பறியும் நாயகன், கடைசியில் துரத்தல் என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு அழைப்பு வருகிறது, போகிறார்கள், ஏதோ நடக்கிறது, திரும்பிக் காருக்கு வருகிறார்கள். அடுத்த அழைப்பு. முதல் வீட்டில் பார்த்த மனிதர்கள் மறுபடி வருவதேயில்லை.

ரோந்துக் காவலரின் வேலை உண்மையில் அப்படித்தான். ஒரு குற்றத்தை முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பது துப்பறியும் பிரிவுக்காரர்களுக்குக் கிடைப்பது. ரோந்துக்காரருக்குக் கிடைப்பது நடுப்பக்கம் மட்டும். கதவைத் தட்டுகிறார், இரத்தமோ அழுகையோ கூச்சலோ இருக்கிறது, பத்து நிமிஷம் அதில் நிற்கிறார், அறிக்கை எழுதுகிறார், போய்விடுகிறார். அந்த வீட்டுக்கு அப்புறம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. கைக்குழந்தையைச் சித்திரவதை செய்யும் தாயிடமிருந்து குழந்தையைப் பிடுங்கும் காட்சி ஒன்று உண்டு. பார்க்கும் நமக்கு அந்தக் குழந்தை என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும் போல இருக்கும். படம் சொல்லாது. காரில் இருக்கும் அந்த இருவருக்கும் யாரும் சொல்லப் போவதில்லை.

அதனால் இந்தப் படத்தில் தொடர்ச்சியாக இருப்பது ஒரே ஒரு இடம், காரின் முன்சீட்டு. கதை நடப்பது அங்கேதான் என்று நான் நம்புகிறேன். வெளியே நடப்பதை எல்லாம் இருவரும் அந்தச் சீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவைக்கிறார்கள். கில்வின்ஸ்கி சாவதும் ராய் குடிப்பதும் அந்தச் சீட்டு பறிபோன பிறகு. அந்த வரிசையைக் கவனித்துக்கொண்டே பார்த்தால் படம் துண்டு துண்டாகத் தெரியாது.

‘கில்வின்ஸ்கியின் சட்டம்’ என்று படத்தில் வருகிறதே, அது என்ன?

புதிய பையனுக்குக் கிழவர் சொல்லிக்கொடுக்கும் தெருப்பாடம். எதிரி கையை ஓங்கினால் நீ தடியை எடு, அவன் கத்தியை எடுத்தால் நீ துப்பாக்கியை எடு. எப்போதும் ஒரு படி மேலே நில், சரிசமமாகச் சண்டை போட்டுச் சாகாதே என்பது அதன் சாரம்.

இதைக் கேட்டதும் ‘கரடுமுரடான போலீஸ்காரர்’ என்று அவரை முடிவுகட்டிவிடத் தோன்றும். படம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விலைமாதர்களைப் பிடிக்கும் காட்சியைப் பாருங்கள். தெருவில் நிற்கும் பெண்களை வேனில் ஏற்றுகிறார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வழக்குப் போட்டால் அபராதம் கட்டிவிட்டு மறுநாள் அதே தெருவுக்கு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வழக்கும் இல்லை, லாக்கப்பும் இல்லை. மது வாங்கிக் கொடுத்து, சிரிக்கப் பேசி, வேனிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். அன்றைய இரவுக்கு அவர்கள் தெருவில் இல்லை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அந்தப் பெண்களில் ஒருத்தியாக இசபெல் சான்ஃபோர்ட் நடித்திருக்கிறார். அவர் சிரிக்கும்போது வேன் முழுதும் நிறைந்துவிடும்.

இன்னொரு இடத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி வந்த ஏழைத் தொழிலாளர்களை ஓர் அறையில் அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை கறக்கும் வீட்டுக்காரனை எதிர்கொள்கிறார். அங்கே அவருக்கு வரும் கோபம் சட்டப் புத்தகத்தில் இருக்கும் கோபம் இல்லை. அவரிடம் உள்ள நல்லதும் ஆபத்தும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. தன் தெருவுக்கு எது நியாயம் என்பதைத் தானே முடிவு செய்யும் மனிதர் அவர். அவர் மாதிரி ஒருவர் நல்லவராக இருக்கும்வரை நமக்கு நிம்மதி. அதே அதிகாரம் வேறொரு கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். படம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தலைப்பின் பொருள்?

‘செஞ்சூரியன்’ என்பது பழைய ரோமானியப் படையில் ஒரு பிரிவுக்குத் தலைவன். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு ‘நூற்றுக்கு அதிபதி’ என்று சொன்னால் உடனே புரியும். கப்பர்நகூமில் தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் வந்து நிற்கிறானே, அவன்தான். ஒரு பேரரசின் ஒழுங்கைத் தெருவில் நின்று காத்தவர்கள் அவர்கள். சரியத் தொடங்கிய ஒரு காலத்தில் அதே இடத்தில் நிற்கும் புதியவர்கள் இந்தக் காவலர்கள் என்பது தலைப்பின் குறிப்பு.

இரவு ரோந்தில் ஏன் இரண்டு பேர்? நிஜத்திலும் அப்படித்தானா?

லாஸ் ஏஞ்சல்ஸ் பரப்பளவில் மிகப் பெரிய நகரம், மக்கள்தொகைக்குக் காவலர் எண்ணிக்கை குறைவு. அதனால் நடைரோந்தைவிடக் கார் ரோந்தை நம்பிய துறை அது. இருவர் போகும் காருக்கு வானொலியில் ‘ஆடம்’ என்று அடையாளம், ஒருவர் மட்டும் போனால் ‘லிங்கன்’. நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை போகும் முறைக்கு ‘மார்னிங் வாட்ச்’ என்று பெயர். காலை என்ற சொல் இருந்தாலும் அது முழு இருட்டு வேலை.

காரில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வானொலியைக் கேட்டுப் பதில் சொல்லி, குறிப்பேட்டை நிரப்புவார். வானொலியில் வரும் எண்கள் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். 211 என்றால் கொள்ளை, 459 என்றால் திருட்டுக்காக உள்ளே புகுவது, 415 என்றால் அமைதி குலைவு. கூச்சல், குடும்பச் சண்டை எல்லாம் இந்த 415-இல் அடங்கும். ‘கோட் செவன்’ என்றால் சாப்பாட்டு இடைவேளை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பார்த்தால் வானொலிக் குரலும் கதையில் ஒரு ஆளாகிவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கையில் தூக்கிப்போகும் வாக்கிடாக்கி ரோந்துக்காரர்களிடம் பரவலாகாத காலம் அது. காரை விட்டு இறங்கி ஒரு மாடிப்படி ஏறிவிட்டால் வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்துவிடும். உதவி கேட்க வேண்டுமானால் யாராவது ஒருவர் காருக்கு ஓடி வர வேண்டும். குண்டு துளைக்காத கவசமும் கிடையாது. கெவ்லார் இழை 1965-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், சட்டைக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய கவசம் போலீசாரிடம் பரவத் தொடங்கியது 1970-களின் நடுவில்தான். இடுப்பில் ஆறு குண்டு ரிவால்வர். ராய் வயிற்றில் சுடப்படும்போது அவன் உடலுக்கும் குண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பருத்திச் சட்டை.

இந்த நிலையில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்தான் உங்கள் வானொலி, உங்கள் கவசம், ஒரு தவறு நடந்தால் உங்கள் சாட்சி. எட்டு மணி நேரம் பெண்டாட்டியோடு பேசுவதைவிட அதிகம் இவரோடுதான் பேசுகிறீர்கள். டாரதியின் கோபத்தை நான் முழுதாகப் புரிந்துகொள்வது இங்கேதான். கணவன் வேறொரு பெண்ணிடம் போயிருந்தால் அவளுக்குச் சண்டை போட ஆள் இருந்திருக்கும். அவன் போனது ஒரு காருக்கு.

எல்லோரும் பேசும் அந்தத் தொலைபேசிக் காட்சி ஏன் அவ்வளவு முக்கியம்?

படத்தின் உயிர் அந்தக் காட்சி. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

கில்வின்ஸ்கி தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறார். ராய்க்குப் போன் போடுகிறார். உதவி கேட்கவில்லை, அழவில்லை, ‘நான் போகிறேன்’ என்று சொல்லவில்லை. பணிக்காலத்து ஞாபகம் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறார். ரோந்துக் காரில் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு எதுவும் வராதபோது சொல்லும் கதை மாதிரி, அவசரமில்லாமல் சொல்கிறார். ஸ்காட் குரலைக் கவனியுங்கள். பட்டாளத் தளபதியாக நடித்தபோது திரையை அதிரவைத்த குரல் அது. இங்கே அதைக் கரகரப்பு மட்டும் மிஞ்சும்படி கீழே இறக்கிவைத்திருக்கிறார். நடுநடுவே ஒரு இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் பக்கத்துச் சீட்டு ஆள் ‘ம்’ கொட்ட வேண்டும். மறுமுனையில் ராய் இருக்கிறான், ஆனால் பக்கத்துச் சீட்டில் இல்லை. முகம் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். ஒரே காரில் அத்தனை இரவு உட்கார்ந்தவன் அவன், கிழவர் மூச்சு விடுகிற விதத்திலேயே தெரிந்திருக்கும். கம்பி வழியாக வருவது குரல் மட்டும்.

பேச்சு முடிகிறது. போனை வைக்கிறார். அடுத்த கணம் நாம் எதிர்பார்க்காத வேகத்தில் நடந்து முடிகிறது. பின்னணியில் சோக இசை கூட்டி நம்மை அழவைக்கும் வேலையை ஃபிளைஷர் செய்யவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இத்தனை வருடம் துப்பாக்கி, கத்தி, இருட்டுச் சந்து எதுவும் செய்யாததை இந்த மனிதருக்கு ஓய்வு செய்துவிட்டது என்பதுதான். ஃபுளோரிடாவில் வெயில் இருக்கிறது, மகள் இருக்கிறாள், பென்ஷன் வருகிறது. இரவு பத்து மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போய் உட்கார ஓர் இடம் இல்லை, தன்னிடம் கதை கேட்க ஒரு ஆள் இல்லை. போலீசாரின் தற்கொலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதற்கு அமெரிக்கக் காவல் துறைகளே தயங்கிய காலத்தில், பெரிய நட்சத்திரம் ஒருவரை வைத்து இதைப் படத்தின் நடுவில் வைத்தது சாதாரணத் துணிச்சல் இல்லை.

ஸ்காட்தான் பெரிய நடிகர். அவர் போன பிறகு படம் தொய்ந்துவிடுகிறதே?

தொய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ‘பேட்டன்’ படத்துக்காக ஆஸ்கர் கிடைத்து, அதை வேண்டாம் என்று மறுத்து, உலகமே பேசிய நேரத்தில் ஸ்காட் நடித்த படம் இது. அப்படி ஒரு நடிகரை முடிவுக்கு வெகு முன்பே எடுத்துவிட்டால் பள்ளம் விழத்தான் செய்யும். ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் ராயும் இருக்கிறான். நமக்கு எந்த அளவு வெறுமையாக இருக்கிறதோ அந்த அளவு அவனுக்கும் இருக்கிறது. கீச் அந்தப் பகுதியில் செய்யும் வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்த இரவில், விசாரிக்கப் போன பெண் காரைக் கிளப்பிவிட, கதவில் தொங்கியபடி இழுபட்டுப் போவான். சாகசக் காட்சி போல எடுத்திருக்கலாம். ஃபிளைஷர் அதை அவமானமாக எடுத்திருக்கிறார்.

ஃபிளைஷர் வேறு என்ன எடுத்திருக்கிறார்?

ஒரே மாதிரிப் படம் எடுக்காதவர். பாப்பாய், பெட்டி பூப் கார்ட்டூன்களைத் தயாரித்த மாக்ஸ் ஃபிளைஷரின் மகன். கடலடிச் சாகசமும் எடுத்தார், போர்ப் படமும் எடுத்தார். இந்தப் படத்துக்குப் பொருத்தமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: ‘தி பாஸ்டன் ஸ்டிராங்ளர்’ (1968), லண்டனில் நடந்த உண்மைக் கொலைகளைப் பற்றிய ‘10 ரில்லிங்டன் பிளேஸ்’ (1971). குற்றத்தை அலங்கரிக்காமல், அதற்குப் பக்கத்தில் போய் அமைதியாக நிற்கும் கண் அவருடையது. ரோந்துப் படத்துக்கும் அதுவே உதவியிருக்கிறது.

நாவலுக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். நாவலில் மூன்று காவலர்கள்: ராய், கஸ், செர்ஜ் (படத்தில் செர்ஜியோ). 1960-இல் மூவரும் பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போது தொடங்கி, வருடம் வருடமாக 1965 ஆகஸ்ட் வரை போகும். மூவருக்கும் கிட்டத்தட்ட சம பங்கு. படம் ராயை மட்டும் நடுவில் வைத்து மற்ற இருவரையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. கஸ் ஒரு கொள்ளை அழைப்பில் அப்பாவி ஒருவரைச் சுட்டுவிடுகிறான். அதைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் படம் எடுக்கலாம். இங்கே அது சில நிமிஷங்களில் கடந்துபோகிறது. கஸ்ஸாக நடித்த ஸ்காட் வில்சன் தன் முகத்தாலேயே அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்.

1965 ஆகஸ்ட் என்றதும் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு நகரின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரம் நினைவுக்கு வரும். ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஒரு கறுப்பின இளைஞரை நெடுஞ்சாலைப் போலீசார் வண்டி நிறுத்திப் பிடித்ததில் தொடங்கி, ஆறு நாள் எரிந்து, 34 உயிர்களைக் குடித்தது. நாவல் முழுக்க அந்த நெருப்பை நோக்கித்தான் நடக்கிறது. படம் கதையைத் தன் காலத்துக்கே, 1970-களின் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டதால் வாட்ஸ் அடியோடு போய்விட்டது. என் கருத்தில் படத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான். காவலர்களின் தனிமை நமக்குத் தெரிகிறது. அந்தத் தெரு மக்களுக்கு இவர்கள் மேல் ஏன் அவ்வளவு கோபம் என்பது தெரியாமலே போகிறது.

இன்றைக்குப் பார்த்தால் உறுத்துமா?

உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். கேமரா எப்போதும் காருக்குள் இருந்துதான் வெளியே பார்க்கிறது. வெளியே நிற்கும் கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் பெரும்பாலும் ஒரு காட்சியோடு போய்விடுகிறார்கள். ஓரினச்சேர்க்கையாளர்களைக் காட்டும் விதம் கூச வைக்கிறது, அந்தக் காலத்தில் அதற்குத் திரையரங்கில் சிரிப்பு வந்திருக்கும். கில்வின்ஸ்கியின் தடிச் சட்டத்தை எதிர்த்துக் கேட்க ஒரு குரல்கூடப் படத்தில் இல்லை.

லாரியாக நடித்த ரோசலிண்ட் கேஷ் மட்டும் விதிவிலக்கு. கறுப்பினப் பெண்ணுக்கும் வெள்ளைக்காரக் காவலனுக்கும் வரும் காதலை, அதை ஒரு பிரச்சினையாகக் கூட்டிப் பேசாமல், இரண்டு களைத்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் தாங்குவதாகக் காட்டியிருக்கிறார்கள். 1972-க்கு அது பெரிய விஷயம். லாரி வரும் காட்சிகள் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

கடைசியில் ராயைக் கொன்றது நியாயமா? வேண்டுமென்றே சோகமாக முடித்த மாதிரி இருக்கிறதே?

நாவலிலும் அதே முடிவுதான். ஒரு பெரிய கொள்ளைக்காரன் சுட்டுச் செத்திருந்தால் அது சினிமா. ராய் சாவது ஒரு 415 அழைப்பில். புருஷன் பெண்டாட்டி சண்டை. காவலர்களைக் கேட்டால் இந்த வகை அழைப்பைத்தான் சொல்வார்கள். கொள்ளைக்காரன் தப்பித்து ஓடப் பார்ப்பான், அவன் அடுத்து என்ன செய்வான் என்று ஓரளவு கணிக்கலாம். தன் வீட்டுக்குள் நிலைகுலைந்து நிற்கும் ஒரு புருஷனை யாராலும் கணிக்க முடியாது. ராய் அந்த இடத்துக்குள் நுழையும்போது எச்சரிக்கை இசை எதுவும் கிடையாது. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அது அந்த இரவின் இன்னொரு அழைப்பு, அவ்வளவே. அவன் சாகும்போது சுற்றி இருக்கும் கஸ், செர்ஜியோ முகங்களைப் பாருங்கள். என்ன செய்வது என்று தெரியாத முகங்கள்.

தெரிந்த முகங்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

செர்ஜியோவாக வரும் எரிக் எஸ்ட்ராடா பிறகு ‘சிப்ஸ்’ தொடரில் நெடுஞ்சாலை மோட்டார் சைக்கிள் போலீஸாக உலகம் முழுக்கத் தெரிந்தார். ஜேம்ஸ் சிக்கிங் 1980-களின் ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ போலீஸ் தொடரில் வந்தார். டாரதியாக நடித்த ஜேன் அலெக்சாண்டர் பின்னாளில் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்துக்கே தலைவரானார்.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். வன்முறை, வசைச் சொற்கள், தற்கொலை எல்லாம் உண்டு. பெரியவர்களும் மனம் கனத்திருக்கும் நாளில் தனியாகப் பார்க்காதீர்கள். கில்வின்ஸ்கி மாதிரி யாராவது உங்களை ராத்திரியில் கூப்பிட்டுச் சம்பந்தமில்லாத பழங்கதை சொன்னால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் நேரில் போய்விடுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ விஷயத்தை நேராகச் சொல்லுங்கள்.

வாம்பா அதற்கப்புறம் என்ன ஆனார்? போலீஸ் வேலையிலேயே இருந்தாரா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்கும். பென்சில்வேனியாவில் 1937-இல் பிறந்தவர். அப்பாவும் போலீஸ்காரர்தான். அமெரிக்க மரைன் படையில் இருந்துவிட்டு 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையில் சேர்ந்தார். முதல் நாவல் வந்தபோது துறை மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கே ஆபத்து வரும் அளவுக்குப் போனது. புத்தகம் விற்று, படமும் வந்து, கைநிறையப் பணம் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. துப்பறியும் பிரிவில் சார்ஜென்ட்டாக 1974 வரை இருந்தார். ‘போலீஸ் ஸ்டோரி’ தொலைக்காட்சித் தொடரை 1973-இல் உருவாக்கியதும் வேலையில் இருந்துகொண்டே. 2025 பிப்ரவரியில், 88 வயதில் காலமானார்.

வேலையை விட அவருக்கு மனமே இல்லை. ஆனால் புகழ் நிம்மதியாக இருக்கவிடவில்லை. நடக்காத குற்றங்களைச் சொல்லி, வாம்பாவையே அனுப்புங்கள் என்று ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. கைது செய்யப்பட்டவர்கள் சினிமாவில் வாய்ப்புக் கேட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், பல காலம் அவரோடு ஒரே காரில் போய்வந்த கூட்டாளி, முந்திக்கொண்டு போய் அவருக்குக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். இனி இந்த வேலையில் இருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாக வாம்பா பின்னால் சொன்னார்.